புரொப்பெல்லர் சுழல வேண்டும்: பழைய விமானங்களைப் படமெடுக்க வருபவருக்கு

சென்னை மெரினாவில் 2024 அக்டோபர் 6-ஆம் தேதி விமானப் படை சாகசம் காட்டியபோது, ரஃபேலும் தேஜஸும் சீறிய அதே வானத்தில் பழைய புரொப்பெல்லர் விமானங்களான டகோட்டாவும் ஹார்வர்டும் நிதானமாகப் பறந்தன. அன்று எடுத்த படங்கள் என்று பிறகு பலர் எனக்கு அனுப்பினார்கள். ஜெட் விமானங்கள் கச்சிதமாக இருந்தன. டகோட்டா மட்டும் கயிற்றில் தொங்கவிட்ட பொம்மை மாதிரி இருந்தது. இரண்டு எஞ்சின், ஆறு பிளேடு, ஆறும் அசையாமல் நின்றன.

இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். என் முதல் விமானக் கண்காட்சியில் நாள் முழுக்க 1/2000 நொடி ஷட்டர் வேகத்தில் எடுத்தேன். தொகுப்பைப் பார்த்த பத்திரிகை ஆசிரியர் ஒரே கேள்விதான் கேட்டார்: “எல்லா விமானமும் எஞ்சின் அணைந்துபோயா பறந்தது?” ஒரு படம்கூட வெளிவரவில்லை. பழைய விமானங்களைப் படமெடுப்பதைத் தொழிலாகக் கொள்ள நினைப்பவர் முதலில் தீர்க்க வேண்டிய விஷயம் இதுதான். பெரிய லென்ஸ், புது கேமரா எல்லாம் அப்புறம்.

கணக்கு எளிது. ஹார்வர்டின் எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். அதில் இடையில் கியர் கிடையாது. எஞ்சின் சுற்றுவதுதான் புரொப்பெல்லரும் சுற்றுவது. 1/1000 நொடியில் பிளேடு நகர்வது வெறும் 12 டிகிரி. 1/250-இல் 48 டிகிரி, 1/125-இல் 96 டிகிரி. இரண்டே பிளேடு என்பதால் முழு வட்டமும் நிரம்ப 1/60 வரை இறங்க வேண்டும். டகோட்டாவின் கதை வேறு. அதன் எஞ்சினுக்கும் புரொப்பெல்லருக்கும் நடுவே வேகத்தைக் குறைக்கும் கியர் உண்டு. எஞ்சின் 2050 சுற்று சுற்றும்போது புரொப்பெல்லர் சுமார் 1150 சுற்றுதான். ஹார்வர்டுக்கு ஓரளவு போதுமான 1/250 டகோட்டாவுக்குப் போதாது. அங்கே பிளேடு 28 டிகிரிகூட நகர்ந்திருக்காது. ஒரு நிகழ்ச்சிக்குப் போகும் முன் அன்று பறக்கப்போகும் விமானங்களின் எஞ்சின் விவரத்தைப் படித்துவிட்டுப் போங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

வீட்டிலேயே சோதிக்கலாம். மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு 1/1000-இல் ஒரு படம், 1/30-இல் ஒரு படம் எடுங்கள். முதல் படத்தில் மின்சாரம் போன வீடு. இரண்டாவதில் காற்று வரும்.

இன்னொன்று. சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிடுங்கள். பெரும்பாலான கேமராக்களில் அது சென்சாரை வரிவரியாகப் படிப்பதால் பிளேடுகள் வாழைப்பழம் மாதிரி வளைந்து விழும். செல்போன் படங்களில் அதைப் பார்த்திருப்பீர்கள்.

இடுப்பைத் திருப்பும் வித்தை

ஷட்டரை மெதுவாக்கினால் விமானமே கலங்கிப்போகுமே என்பீர்கள். கலங்கும். அதனால்தான் விமானத்தோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பும் பேனிங் பழக வேண்டும். விமானம் கடந்துபோகும் இடத்தை நோக்கிக் கால்களைப் பதித்துக்கொள்ளுங்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, இடுப்பிலிருந்து மட்டும் உடம்பைத் திருப்புங்கள். விமானம் தூரத்தில் புள்ளியாக இருக்கும்போதே பின்தொடரத் தொடங்கி, போகஸ் புள்ளியைக் காக்பிட் மேல் வைத்திருங்கள். பொத்தானை அழுத்திய பிறகும் திருப்புவதை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அந்தக் கடைசிக் குலுக்கல் படத்தில் ஏறிவிடும். லென்ஸில் பேனிங்குக்கென்று தனி நிலைப்படுத்தும் முறை இருந்தால் அதைப் போடுங்கள்.

பயிற்சிக்கு விமான நிலையம் தேவையில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்று பேருந்துகளை 1/60-இல் எடுங்கள். பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர் தெளிவாகவும் பின்னால் இருக்கும் மரங்கள் கோடாகவும் வர வேண்டும். எனக்கு அது கைவர ஆறு மாதம் ஆனது. இன்றும் 1/125-இல் பத்து எடுத்தால் இரண்டு மூன்றுதான் கூர்மையாக நிற்கும். அதனால் வரிசையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: முதல் சுற்றில் 1/320, ஒரு படம் உறுதியாகக் கையில் வந்துவிடும். அடுத்த சுற்றில் 1/200, பிறகு 1/125. வேம்பயர், ஹன்டர் போன்ற பழைய ஜெட்களுக்கு இந்தக் கவலையே இல்லை. 1/1000-க்கு மேல் போய்விடலாம்.

மெதுவான ஷட்டரோடு ஒரு தொல்லையும் கூடவே வரும். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/125 என்றால் லென்ஸின் துளை எஃப்/16 வரை சுருங்கும். சென்சாரில் ஒட்டியிருக்கும் தூசு அத்தனையும் வெளிர்நீல வானத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரியும். போகிற முன் சென்சாரைச் சுத்தம் செய்யுங்கள். ஒரு போலரைசர் வடிகட்டியை மாட்டினால் ஒளியும் குறையும், காக்பிட் கண்ணாடியின் பளபளப்பும் அடங்கும்.

தரையில்தான் சோறு

பறக்கும் படத்துக்குத்தான் கைதட்டல். ஆனால் இந்தத் தொழிலில் மாதாமாதம் பணம் வருவது தரையில் எடுக்கும் படங்களால். அருங்காட்சியகங்களுக்கு ஆவணப் படம் வேண்டும். பழைய விமானத்தைப் பிரித்துக் கோக்கும் பட்டறைகளுக்கு ஒவ்வொரு கட்டமும் பதிவாக வேண்டும். எந்தக் குழாய் எந்தப் பக்கம் வளைந்து போனது என்பதை மூன்று வருடம் கழித்து அவர்கள் உங்கள் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். இதில் கலை குறைவு என்று எண்ணாதீர்கள். விமானத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பள்ளி இல்லை.

ஹார்வர்டு போன்ற வட்ட எஞ்சின் விமானம் கிளம்பும் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். இரவெல்லாம் நின்ற எஞ்சினில் எண்ணெய் கசிந்து கீழ்ப்பக்க சிலிண்டர்களில் தேங்கியிருக்கும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் உடையலாம். அதனால் மெக்கானிக்குகள் காலையில் வந்ததும் பிளேடைக் கையால் தள்ளி, எண்ணிக்கொண்டே, மெல்லச் சுற்றிவிடுவார்கள். பனி படர்ந்த உலோகத்தில் பதியும் அந்த விரல்கள் ஒரு படம். பிறகு எஞ்சின் ஒரு முறை இருமும், இரண்டு முறை இருமும், சட்டென்று வெளுத்த நீலப் புகை பக்கவாட்டில் கொட்டும். அது சில நொடிதான் நிற்கும். காற்று உங்கள் முதுகிலிருந்து வீசும்படி, முன்பக்கத்துக்கும் பக்கவாட்டுக்கும் நடுவே நில்லுங்கள். இந்த நேரத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 700 சுற்று அளவில்தான் ஓடும். ஆக 1/60 அல்லது அதற்கும் கீழே. முக்காலி இருந்தால் நல்லது.

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நிற்கும் புரொப்பெல்லரைத் தொடாதீர்கள், சாயாதீர்கள், அதன் சுற்றுவட்டத்துக்குள் நின்று படமெடுக்காதீர்கள். பழைய எஞ்சின்களில் தீப்பொறி தரும் மேக்னெட்டோவுக்கு பேட்டரி தேவையில்லை. அதை அணைத்துவைக்கும் ஒரு வயர் அறுந்திருந்தால், லேசாகத் தள்ளியதற்கே எஞ்சின் ஒரு வெட்டு வெட்டிவிடும். சுழலும் புரொப்பெல்லர் வெறுங்கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்துக்கொண்டு ஒருபோதும் நடக்காதீர்கள். நகர வேண்டுமா, கேமராவை இறக்கிவிட்டு நகருங்கள்.

நம் ஊரில் ஒன்பது மணிக்கு மேல் தார்த்தளத்திலிருந்து கிளம்பும் வெப்ப அலை, தூரத்துப் படத்தைக் கொதிக்கும் தண்ணீருக்குள் எடுத்தது போல ஆக்கிவிடும். எந்த விலையுயர்ந்த லென்ஸும் அதைச் சரிசெய்யாது. விடியற்காலையில் போங்கள், இல்லையென்றால் கிட்டப் போங்கள்.

எங்கே போவது

இங்கே வாய்ப்பு குறைவு. விமானப் படை நாளான அக்டோபர் 8-ஐ ஒட்டிய நிகழ்ச்சிகளும், பெங்களூரு எலஹங்காவில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் ஏரோ இந்தியாவும்தான் முக்கியம். நின்ற நிலையில் படமெடுத்துப் பழக பெங்களூருவில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸின் அருங்காட்சியகம் இருக்கிறது. இந்தத் துறை முழு வீச்சில் வாழ்வது இங்கிலாந்தில். ஒரு கோடைக்காலம் அங்கே செலவிட முடிந்தால் தயங்காதீர்கள். டக்ஸ்ஃபோர்டில் ஸ்பிட்ஃபயர்கள் கூட்டமாகப் பறக்கும். ஆனால் பார்வையாளர் பகுதி ஓடுபாதைக்கு வடக்கே. நாளெல்லாம் சூரியனைப் பார்த்தே எடுக்க வேண்டியிருக்கும். எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டாவிட்டால் விமானங்கள் கரிக்கட்டையாகிவிடும்.

என் மனசுக்கு நெருக்கமானது ஓல்டு வார்டனில் இருக்கும் ஷட்டில்வொர்த் தொகுப்பு. புல்தரை ஓடுபாதை. 1909-இல் செய்த பிளேரியோ விமானம், 25 குதிரைத்திறன் கொண்ட மூன்று சிலிண்டர் அன்ஸானி எஞ்சினோடு, மாலையில் காற்று முற்றிலும் அடங்கினால் மட்டும் புல்லைவிட்டுச் சில அடி எழும்பி, நேர்கோட்டில் சற்று தூரம் போய் இறங்கும். காத்திருந்தும் பறக்காத மாலைகளே அதிகம். அங்கே முதல் உலகப்போர்க் கால விமானங்கள் சிலவற்றில் எஞ்சினே புரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும். அதற்கு மசகு நம்ம விளக்கெண்ணெய். எரிந்த விளக்கெண்ணெய் வாடை மைதானம் முழுக்கப் பரவும். வாலுக்குப் பின்னால் நின்றால் லென்ஸிலும் படியும். துடைக்கும் துணி நாலைந்து கொண்டுபோங்கள்.

வானிலிருந்து வானில்

ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றை எடுப்பது இந்தத் தொழிலின் உச்சம். அவசரப்பட்டு ஏறாதீர்கள். இந்தியாவில் பறக்கும் விமானத்திலிருந்து படமெடுப்பதை 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 13-ஆவது விதி கட்டுப்படுத்துகிறது. இப்படிப்பட்ட வேலைக்கு சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் கிளம்பக் கூடாது. அரசு விமான நிலையத்துக்குள் எடுக்கவும் அதே விதிதான்.

இரண்டு விமானிகளும் அணிவகுத்துப் பறக்கப் பயிற்சி பெற்றவர்களா என்பதை முதலில் கேளுங்கள். ஒருவர் இல்லை என்றாலும் வேண்டாம். நீங்கள் இருக்கும் படவிமானம் முன்னே சீராகப் போக, பழைய விமானம் அதை ஒட்டி வரும். அந்த விமானியின் கண் உங்கள் விமானத்தைவிட்டு அகலாது. அவருக்கு உங்கள் கை சைகையின் அர்த்தம் தரையிலேயே புரிந்திருக்க வேண்டும். டைகர் மாத் போன்ற பழைய விமானம் மெதுவானது. அதன் வேகத்துக்கு வசதியாக இறங்கி வரக்கூடிய, சன்னல் திறக்கும் செஸ்னா போன்ற விமானம்தான் பொருந்தும். லென்ஸ் ஹூட்டைக் கழற்றிவிடுங்கள், கேமராவை உடம்போடு கட்டுங்கள், பேட்டரியும் மெமரி கார்டும் ஜிப் போட்ட பைக்குள் இருக்கட்டும். முழங்கையைச் சன்னல் விளிம்பில் ஊன்றாதீர்கள். எஞ்சின் அதிர்வு அப்படியே கைக்கு வரும். லென்ஸின் மூக்கு வெளிக்காற்றில் நீளக் கூடாது. இரண்டு விமானமும் பெரிய வட்டமாகத் திரும்பிக்கொண்டே இருந்தால், ஒரே சுற்றில் முன்வெயில், பக்கவெயில், பின்வெயில் எல்லாம் கிடைத்துவிடும். பின்னணியில் வெறும் வானத்தைவிட வயல் நல்லது.

படத்துக்குக் கீழே ஒரு வரி

இங்கிலாந்தின் சார்லஸ் ஈ. பிரௌன் எடுத்த விமானப் படங்கள் இன்றும் அந்நாட்டு விமானப் படை அருங்காட்சியகத்தில் ஆராய்ச்சியாளருக்குப் பயன்படுகின்றன. உங்கள் படத்துக்கும் அப்படி ஆயுள் வேண்டுமென்றால் குறிப்பைத் தவறில்லாமல் எழுதுங்கள். நம் டகோட்டா பிரிட்டனில் புதுப்பிக்கப்பட்டு 2018-இல் வந்தது. பெயர் பரசுராமா, உடம்பில் விபி 905 என்ற எண். 1947 அக்டோபர் 27-இல் ஸ்ரீநகருக்கு முதலில் படைவீரர்களைக் கொண்டுசென்ற டகோட்டாவின் எண் அது. அதன் நினைவாகத்தான் இதற்குச் சூட்டினார்கள். “ஸ்ரீநகரில் இறங்கிய அதே விமானம்” என்று எழுதினால் படத்தோடு உங்கள் பெயரும் கெடும். பறந்த விமானத்தின் வண்ணமும் எண்ணும் வேறொன்றின் நினைவாக இருப்பது இந்தத் துறையில் சர்வசாதாரணம். தெரிந்த மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

மெக்கானிக்குகளோடு பழகுவதைத் தனியாகவே சொல்ல வேண்டும். விமானிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஹேங்கரில் எண்ணெய்க் கையோடு இருக்கும் அண்ணன்மார்தான் நிலையானவர்கள். நாளைக்கு எஞ்சின் ஓட்டிப் பார்க்கிறோம், ஆறு மணிக்கு வா என்று சொல்லப்போவது அவர்கள்தான். நிகழ்ச்சி முடிந்த ஒரு வாரத்துக்குள், அவர்கள் வேலை செய்யும் படத்தைக் காகிதத்தில் அச்சிட்டு, பின்னால் தேதியும் விமானத்தின் எண்ணும் எழுதி, நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். வாட்ஸப்பில் அனுப்பாதீர்கள். அதை அவர்கள் கருவிப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவைப்பார்கள்.