தேடுபொறியும் முதற்பக்கமும்

நுழையும்முன்

ஐயம் எழுந்தால் ஆசிரியரைக் கேட்பது, அகராதியைப் புரட்டுவது, நூலகத்தை நாடுவது என்றிருந்த வழக்கம் ஒரு தலைமுறைக் காலத்திற்குள் மாறிவிட்டது. இன்று வினா எழுந்தவுடன் விரல் திறன்பேசியை நாடுகிறது. அங்குக் கிடைக்கும் விடைகளுள் எது முதலில் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்வது யார்? கூகுள் நிறுவனத்தின் வளர்ச்சியையும் அதன்மீது எழுந்த வழக்குகளையும் முன்வைத்து இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

அடைவும் வரிசையும்

பெருநூல்களின் இறுதியில் சொல்லடைவு இருப்பதை மாணவர் கண்டிருப்பர். ஒரு சொல் எந்தெந்தப் பக்கங்களில் வந்துள்ளது என்பதை அது அகரவரிசையில் காட்டும். தேடுபொறியும் அடிப்படையில் ஒரு சொல்லடைவே. இணையத்தில் பக்கம் பக்கமாகச் சென்று படித்துவரும் நிரல்கள் சொற்களைத் திரட்டுகின்றன; அத்திரட்டு மாபெரும் அடைவாகக் கணினிகளில் சேமிக்கப்படுகிறது. ஒருவர் ஒரு சொல்லைத் தட்டச்சு செய்யும்போது தேடுபொறி அந்நொடியில் இணையம் முழுவதையும் அலசுவதில்லை. முன்னரே ஆக்கிவைத்த தன் அடைவையே பார்க்கிறது.

நூலில் ஒரு சொல் பத்து இடங்களில் வரலாம். இணையத்திலோ பல இலட்சம் பக்கங்களில் வரும். எனவே அடைவு மட்டும் போதாது, வரிசையும் வேண்டும். 1994இல் தொடங்கிய யாகூ, ஆள்களைக் கொண்டு தளங்களைப் பொருள்வாரியாகப் பட்டியலிட்டது. பக்கங்கள் பெருகிய வேகத்திற்கு அம்முறையால் ஈடுகொடுக்க இயலவில்லை. 1995இல் வந்த ஆல்டாவிஸ்டா, பக்கங்களின் சொற்கள் அனைத்தையும் அடைவாக்கியது. எனினும், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதிவைத்த பயனற்ற பக்கங்களும் அக்காலத் தேடுபொறிகளில் முன்வரிசைக்கு வந்துவிடும்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜ், செர்ஜி பிரின் ஆகிய இருவரும் வேறொரு வழி கண்டனர். ஆய்வுலகில், ஒரு கட்டுரையைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்பதைக் கொண்டு அதன் மதிப்பை அளப்பதுண்டு. உரையாசிரியர் பலரும் எடுத்தாண்ட செய்யுள் பெரும்புகழ் பெறுவதைப் போன்றது இது. ஓர் இணையப்பக்கம் மற்றொன்றுக்கு இணைப்புக் கொடுப்பதை அவ்விருவரும் அத்தகைய மேற்கோளாகக் கருதினர். எல்லா இணைப்புகளுக்கும் ஒரே எடை இல்லை. பலராலும் சுட்டப்பெற்ற பக்கம் தருகின்ற இணைப்புக்கு எடை மிகுதி. பேஜ்ரேங்க் எனப் பெயர் பெற்ற இக்கணக்கீட்டு முறை, தேடுபவருக்கு வேண்டிய பக்கத்தைப் பெரும்பாலும் முதல் பத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியது. 1998 செப்டம்பரில் கூகுள் ஒரு நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டது. ஒன்றை அடுத்து நூறு சுழியங்கள் கொண்ட எண்ணுக்குக் கணிதத்தில் கூகோல் என்று பெயர். அதன் திரிபே கூகுள்.

பலர் சுட்டியது என்பதும் உண்மையானது என்பதும் ஒன்றல்ல. பேஜ்ரேங்க் அளந்தது முன்னதையே. இவ்வேறுபாடு பின்னர் வரும் செய்திகளுக்கு இன்றியமையாதது.

விளம்பரம் வந்த வழி

தம் தேடுபொறியை விளக்கி இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில், இன்று படிப்பவரை வியக்கச் செய்யும் ஒரு பகுதி உள்ளது. விளம்பர வருவாயை நம்பி இயங்கும் தேடுபொறி, தேடுபவரின் தேவையை விட்டு விலகி விளம்பரம் தருபவரின் பக்கமே இயல்பாகச் சாயும் என்று அவர்கள் எழுதினர். அச்சாய்வைக் கண்டறிவதும் கடினம் என எச்சரித்தனர். இரண்டே ஆண்டுகளில், 2000 அக்டோபரில், கூகுள் தனது விளம்பரத் திட்டத்தைத் தொடங்கியது.

அத்திட்டத்தில் ஏலம் விடப்படும் பொருள் சொல்லே. காப்பீடு, கடன், மருத்துவம் போன்ற சொற்களைத் தேடுபவர் கண்ணில் தம் விளம்பரம் படவேண்டும் என விரும்பும் வணிகர்கள் விலை கூறுவர். யார் மிகுதியாகக் கூறினார், யாருடைய விளம்பரம் சொடுக்கப்படும் வாய்ப்பு மிக்கது என்பனவற்றைக் கணித்து நிறுவனம் இடம் ஒதுக்கும். தேடுபவர் விளம்பரத்தைச் சொடுக்கினால்தான் வணிகர் பணம் செலுத்த வேண்டும். தாளிகையிலோ தொலைக்காட்சியிலோ பொதுவாக வெளியிடும் விளம்பரத்தைவிட இது பன்மடங்கு கூர்மையானது. ஏனெனில், தமக்கு என்ன வேண்டும் என்பதைத் தேடுபவரே எழுதிக் காட்டிவிடுகிறார். கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் 2023இல் ஈட்டிய வருவாய் 30,700 கோடி டாலருக்கும் மிகுதி. அதில் 23,700 கோடி டாலருக்கு மேல் விளம்பரத்தால் வந்தது.

இவ்வருவாய்க்கு வேண்டிய மூலப்பொருள் மனிதரைப் பற்றிய செய்தி. மருத்துவரிடம் கூறத் தயங்குவதையும் வீட்டாரிடம் மறைப்பதையும் மக்கள் தேடற்பெட்டியில் தயங்காமல் எழுதுகின்றனர். 2004இல் மின்னஞ்சல், 2005இல் நிலப்படம், 2006இல் விலைக்கு வாங்கிய யூடியூப், 2008இல் குரோம் உலாவி என விரிந்த பணிகள் அச்செய்தியை மேலும் நிறைவாக்கின. இருப்பிடத்தைக் கண்காணிப்பது குறித்துப் பயனாளரைத் தவறான எண்ணத்தில் வைத்திருந்ததாக அமெரிக்காவின் 40 மாநிலங்கள் குற்றஞ்சாட்டின. 2022இல் 39 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகை செலுத்த உடன்பட்டு நிறுவனம் அவ்வழக்கை முடித்துக்கொண்டது.

நன்மைகளை மறைப்பதும் முறையாகாது. அறியாத ஊரில் வழி காட்டுவது இந்நிறுவனத்தின் நிலப்படமே. 2011இல் அதன் மொழிபெயர்ப்புப் பணியில் தமிழும் இடம்பெற்றது. 2004 முதல் நூலகங்களின் நூல்களை மின்படியாக்கிவரும் முயற்சியால், தொலைவிலுள்ள நூலின் உட்பொருளையும் தேட முடிகிறது. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை, குரோம் உலாவியின் உருவாக்கத்தில் முன்னின்று, 2015இல் கூகுளின் தலைமைச் செயல் அலுவலரானார்.

பிழையும் பெருக்கமும்

ஒரு நூலில் பிழை நேர்ந்தால் அந்நூலைப் படித்தவரோடு அது நிற்கும். உலகெங்கும் பயன்படும் ஒரு தேடுபொறியின் பிழை அவ்வாறு நிற்பதில்லை. 2008இல் கூகுள், மக்கள் தேடும் சொற்களைக் கொண்டு ஃபுளூ காய்ச்சலின் பரவலை மதிப்பிடும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மருத்துவத் துறையின் அறிக்கைக்கு முன்பே நோயின் போக்கை அறியலாம் எனப் பலரும் வரவேற்றனர். 2012–13 குளிர்காலத்தில் அம்மதிப்பீடு, உண்மை அளவைப்போல் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. காய்ச்சலைப் பற்றித் தேடுபவர் எல்லாரும் காய்ச்சல் உற்றவர் அல்லர். செய்தித்தாளில் படித்து அஞ்சியவரும் தேடுவர். 2015இல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

2024 மே மாதம், தேடல் முடிவுகளுக்கு மேலே செயற்கை நுண்ணறிவு தொகுத்த விடையைக் காட்டும் முறை அமெரிக்காவில் பரவலாக்கப்பட்டது. பீட்சாவின்மீது பாலாடைக்கட்டி ஒட்டி நிற்கப் பசையைச் சேர்க்கலாம் என்று அது ஒருவருக்கு அறிவுரை கூறியது. நாள்தோறும் ஒரு சிறுகல்லை உண்பது நன்று என்றும் ஒரு விடை வந்தது. யாரோ நகைச்சுவைக்காக எழுதியவற்றை அப்பொறி மெய்யென்று எடுத்துக்கொண்டிருந்தது. நிறுவனம் விரைந்து திருத்தங்கள் செய்தது. எனினும், பத்து இணைப்புகளைக் காட்டியபோது ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பு தேடுபவரிடம் இருந்தது. ஒரே விடையாகத் தரும்போது ஒப்பிடுவதற்கு எதிரே எதுவும் இல்லை.

வாங்கப்பட்ட வாயில்

குறையுடைய பொருளை விட்டு மக்கள் வேறு பொருளை நாடுவர் என்பது சந்தையின் பொதுவிதி. தேடுபொறியில் அவ்விதி ஏன் செயல்படவில்லை என்பதை அமெரிக்க அரசு 2020 அக்டோபரில் தொடுத்த வழக்கு வெளிப்படுத்தியது.

புதிய திறன்பேசியையோ உலாவியையோ திறந்தவுடன் தேடற்பெட்டியில் ஏற்கெனவே ஒரு தேடுபொறி அமைந்திருக்கும். இது முன்னமைவு எனப்படும். விரும்பியவர் அதனை மாற்றிக்கொள்ளலாம், பெரும்பாலோர் மாற்றுவதில்லை. மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவியில் பிங் முன்னமைவாக உள்ளது. அமெரிக்கத் தேடல்கள் அனைத்திலும் 10 விழுக்காட்டைக்கூட எட்டாத பிங், அவ்வுலாவியில் மட்டும் ஏறத்தாழ 80 விழுக்காட்டைப் பெற்றதாக நீதிமன்றம் கண்டது. தேடுபொறியின் தரம் இரண்டு இடத்திலும் ஒன்றே, வாயில்தான் வேறு.

அவ்வாயிலைப் பெற கூகுள் பெருந்தொகை செலவிட்டது. ஆப்பிள், சாம்சங் முதலிய நிறுவனங்களுக்கும் உலாவி வைத்திருப்போர்க்கும் 2021ஆம் ஆண்டில் மட்டும் 2,630 கோடி டாலர் வழங்கியது. 2022இல் ஆப்பிளுக்குச் சென்றது 2,000 கோடி டாலர். போட்டியாளர் எவரும் அவ்வளவு பணம் தர இயலாது. பணம் இருப்பினும் பயனாளர் இல்லை. பயனாளர் இல்லாமல் தேடலின் தரம் உயராது; ஏனெனில், மக்கள் எதைச் சொடுக்குகின்றனர், எதைக் கடந்து செல்கின்றனர் என்பதிலிருந்தே தேடுபொறி கற்றுக்கொள்கிறது.

தன் பொருள் சிறந்தது என்பதாலேயே மக்கள் தன்னைத் தேர்ந்தெடுக்கின்றனர் என்பது கூகுளின் வாதம். அத்தேடுபொறி தரத்தில் முதன்மையானது என்பதை நீதிபதி அமித் மேத்தாவும் ஏற்றுக்கொண்டார். ஆனால், 2020இல் அந்நிறுவனமே தனக்குள் நடத்திய ஓர் ஆய்வும் நீதிமன்றத்தின் முன் வந்தது. தேடலின் தரத்தைப் பெருமளவு குறைத்தாலும் வருவாய் குறையாது என்பது அவ்வாய்வு காட்டிய முடிவு. முற்றுரிமை என்பதன் பொருளை இதைவிடத் தெளிவாக விளக்குவது அரிது. 2024 ஆகஸ்டு 5 அன்று, 1890ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டத்தை மீறிக் கூகுள் தன் முற்றுரிமையைக் காத்துவந்தது என்று நீதிபதி தீர்ப்பளித்தார்.

பிற நாடுகளும் இதே வினாவை எழுப்பியிருந்தன. விலை ஒப்பிடும் தன் சொந்தப் பணியைத் தேடல் முடிவுகளில் முன்னிறுத்தியதற்காக ஐரோப்பிய ஆணையம் 2017இல் 242 கோடி யூரோ தண்டம் விதித்தது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உயர் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. ஆண்ட்ராய்டு திறன்பேசிகளில் தன் செயலிகளைக் கட்டாயமாக்கியதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. இத்தொகைகள் பெரியனவாகத் தோன்றினும் அந்நிறுவனத்தின் ஆண்டு வருவாயோடு வைத்துப் பார்க்கத்தக்கவை.

2025 செப்டம்பரில் அமெரிக்க நீதிமன்றம் தீர்வினை அறிவித்தது. குரோம் உலாவியை விற்க வேண்டும் என்ற அரசின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. பிற தேடுபொறிக்கு இடம் தராதிருக்கச் செய்யும் தனியுரிமை ஒப்பந்தங்கள் தடைசெய்யப்பட்டன. தேடல் தரவுகளில் ஒரு பகுதியைத் தகுதியுள்ள போட்டியாளருடன் பகிரவும் ஆணையிடப்பட்டது. வழக்கு தொடங்கிய காலத்தில் இல்லாத செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் புதிய போட்டியாக வந்துள்ளதையும் நீதிபதி கருத்தில் கொண்டார். முன்னமைவுக்காகப் பணம் வழங்குவது முற்றிலும் தடுக்கப்படவில்லை.

கற்பவை கற்றபின்

1. ஒரே வினாவை இரண்டு தேடுபொறிகளில் தேடி, முதலில் வரும் ஐந்து முடிவுகளைப் பட்டியலிடுக. அவற்றுள் விளம்பரம் எது, செய்தி எது எனக் குறிக்க.

2. உங்கள் ஊரின் வரலாறு குறித்துத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடி, கிடைத்த செய்திகளை நூலகத்திலுள்ள நூல் ஒன்றுடன் ஒப்பிட்டு ஒருபக்க அளவில் எழுதுக.

3. ‘தரமே தேடுபொறியின் வெற்றிக்குக் காரணம்’, ‘முன்னமைவே காரணம்’ என இரு அணிகளாகப் பிரிந்து வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.