விடுதிப் பள்ளிச் செலவு: முன்கூட்டியே வழி காண்போம்

தோட்டத்துப் பிள்ளை ஒன்றுக்கு விடுதிப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்தால் லயம் முழுவதும் மகிழ்கிறது. ஆனால், அழைப்புக் கடிதத்துடன் இணைத்து அனுப்பப்படும் பொருட்பட்டியலைப் படித்ததும் பெற்றோர் முகம் வாடிவிடுவதுண்டு. "நம்மால் முடியாது" என்று கடிதத்தை மடித்து வைத்துவிடும் குடும்பங்களும் உண்டு. அவ்வாறு மடித்து வைக்கப்படுவது ஒரு காகிதம் மட்டுமன்று. ஒரு பிள்ளையின் எதிர்காலமுமாகும். ஆகவே, இச்செலவை அஞ்சாமல் கணக்கிட்டு, காலத்தோடு ஈடு செய்யும் முறையை இங்கு ஆராய்வோம்.

நம் காஜாங் வட்டாரம் இந்நாட்டு ரப்பர்த் தொழிலின் தொடக்க நிலங்களுள் ஒன்று. 1890-ஆம் ஆண்டுகளிலேயே கிண்டர்ஸ்லி சகோதரர்கள் இங்குள்ள இன்ச் கென்னத் தோட்டத்தில் ரப்பர் பயிரிட்டனர். பின்னர், 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளி அமைக்க வழி செய்தது. எனினும், அப்பள்ளிகள் ஆரம்பக் கல்வியோடு நின்றன. அதற்கு மேல் படிக்க விரும்பிய பிள்ளை தோட்டத்தை விட்டு வெளியேதான் செல்ல வேண்டியிருந்தது. தூரத்தை வெல்லும் வழிகளுள் ஒன்றுதான் விடுதி.

செலவு எங்கே இருக்கிறது?

அரசாங்க விடுதிப் பள்ளிகளில் உணவு, உறைவிடச் செலவின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்றுக்கொள்கிறது. பாடநூல்கள் 2008-ஆம் ஆண்டு முதல் எல்லா மாணவர்களுக்கும் இலவசமாக இரவல் தரப்படுகின்றன. அப்படியானால் பெற்றோரைத் திணறச் செய்வது எது? முதல் நாள் செலவும், மாதந்தோறும் ஆகும் சில்லறைச் செலவுமே ஆகும்.

சீருடை, காலணி, மெத்தை விரிப்பு, வாளி, பூட்டு, பை முதலியவற்றை ஒரே வாரத்தில் வாங்க வேண்டும். அதன்பின் சவர்க்காரம், பற்பசை, கைச்செலவு, விடுமுறைப் பயணம் ஆகியவை தொடரும்.

இச்செலவு வரும் காலத்தையும் நாம் கவனிக்க வேண்டும். 2026-ஆம் ஆண்டுப் பள்ளித் தவணை மீண்டும் ஜனவரியில் தொடங்குமாறு மாற்றியமைக்கப்பட்டது. அதற்கு முன்னுள்ள அக்டோபர், நவம்பர் மாதங்களோ நம் பகுதியில் மழை மிகுந்தவை, பால்வெட்டு தடைப்படும். தீபாவளிச் செலவும் அக்காலத்தில்தான் வருகிறது. பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் இலையுதிர்வினால் பால் குறையும். வரவு குறையும் வேளையில் செலவு கூடுகிறது. ஆகையால், ஜனவரிச் செலவை டிசம்பர்ச் சம்பளத்திலிருந்து செய்யலாம் என்று எண்ணியிருப்பது தவறாகும்.

ஒரு மாதிரிக் கணக்கு

முதல் நாள் செலவு 900 வெள்ளி என்றும், மாதச் செலவு 120 வெள்ளி என்றும் வைத்துக்கொள்வோம். பள்ளி நடக்கும் பத்து மாதங்களுக்கு 1,200 வெள்ளி. ஆக, முதலாண்டுச் செலவு 2,100 வெள்ளி. 2023-ஆம் ஆண்டு முதல் வருமான வரம்பின்றி மாணவர்களுக்கு வழங்கப்பட்டுவரும் தொடக்கப் பள்ளி உதவித்தொகை 150 வெள்ளியைக் கழித்தால், மீதம் 1,950 வெள்ளி.

பிள்ளை ஐந்தாம் ஆண்டில் படிக்கத் தொடங்கும்போதே சேமிக்க ஆரம்பித்தால் நமக்கு 24 மாதங்கள் கிடைக்கின்றன. மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ 81 வெள்ளி. 26 வேலை நாட்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு மூன்று வெள்ளி சொச்சம். 1,950 வெள்ளி மலைபோல் தோன்றினும், மூன்று வெள்ளி மலையன்று. பிள்ளை விடுதியில் உண்பதனால் வீட்டில் மிச்சமாகும் சாப்பாட்டுச் செலவையும் அடுத்த ஆண்டிற்கென எடுத்து வைக்கலாம்.

சிறு சேமிப்பின் வலிமை தோட்ட மக்கள் அறியாததன்று. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தி நூறு வெள்ளிப் பங்கு பெற்ற தொழிலாளர்களின் பணத்தைக் கொண்டே, அச்சங்கம் அடுத்த ஆண்டு கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது. தோட்டத்தையே வாங்கிய பத்து வெள்ளி, ஒரு பிள்ளையை விடுதிக்கு அனுப்ப முடியாததா?

இடையில் பணம் தேவைப்பட்டால்

ஊழியர் சேமநிதியில் 2024-ஆம் ஆண்டு மே மாதம் முதல், 55 வயதிற்குட்பட்டோரின் சந்தாவில் பத்தில் ஒரு பங்கு, வேண்டும்போது எடுக்கக்கூடிய கணக்கில் சேர்கிறது. 2025-இல் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளிக் குறைந்தபட்சச் சம்பளம் பெறுபவருக்கு இருதரப்புச் சந்தாவும் சேர்ந்து மாதம் 408 வெள்ளி. அதில் இக்கணக்கிற்கு வருவது ஏறத்தாழ 40 வெள்ளி. இரண்டாண்டில் இது 900 வெள்ளியைத் தாண்டும். எனினும், இது முதுமைக்கென்று வைத்த பணம். வேறு வழி இல்லாதபோது மட்டுமே இதனைத் தொட வேண்டும். சேமநிதியின் கல்வி மீட்பு உயர்கல்விக்கு உரியதே அன்றி, இடைநிலைப் பள்ளிக்கு உரியதன்று என்பதையும் நினைவிற் கொள்க.

ஆலோங்கிடம் கடன் வாங்குவதோ அறவே கூடாது. நூற்றுக்குப் பத்து வீதம் மாத வட்டிக்கு 900 வெள்ளி வாங்கினால், பத்தே மாதத்தில் வட்டி மட்டும் 900 வெள்ளி ஆகிவிடும். முதல் அப்படியே நிற்கும். 1951-ஆம் ஆண்டுக் கடன் கொடுப்போர் சட்டத்தின்படி, உரிமம் பெற்றவர்கூட ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினெட்டுக்கு மேல் வட்டி வாங்க இயலாது. கூட்டு கட்டுவதிலும் விழிப்பு வேண்டும். அதனை ஒரு தொழிலாக நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது.

பெற்றோர் செய்ய வேண்டியவை

முதலாவதாக, அழைப்புக் கடிதத்தை மறுக்குமுன் பள்ளி அலுவலகத்திற்குச் சென்று, எவை கட்டாயம், எவற்றைப் பிறகு வாங்கலாம், தவணை முறையில் செலுத்தலாமா, என்ன உதவிகள் உண்டு என்று கேளுங்கள். மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளையும், அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம் ஆகியவற்றின் நகல்களையும் உடன் கொண்டு செல்லுங்கள். கேட்பது இரப்பதாகாது.

இரண்டாவதாக, தெரிவு செய்ய வாய்ப்பிருப்பின் பயணச் செலவையும் எண்ணிப் பாருங்கள். காஜாங்கிலிருந்து சிரம்பான், பூலாவ் செபாங் வரை கொம்யூட்டர் இரயில் செல்கிறது. அவ்வழியில் உள்ள பள்ளியாயின் பிள்ளையைச் சென்று பார்ப்பது எளிது, செலவும் குறைவு.

மூன்றாவதாக, ஒரு பிள்ளையின் படிப்பிற்காக இன்னொரு பிள்ளையின் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். அண்ணன் விடுதிக்குச் செல்ல, தங்கை பள்ளியை விட்டு நிற்பது வளர்ச்சியாகாது. ஒரு விளக்கை ஏற்ற மற்றொன்றை அணைப்பதாகும்.

நான்காவதாக, வீட்டின் நிலையைப் பிள்ளையிடம் மறைக்க வேண்டா. மாதக் கைச்செலவு இவ்வளவுதான் என்று அன்புடன் எடுத்துரைத்து, கணக்கு எழுதப் பழக்குங்கள்.

முதலாம் படிவத்தில் இடம் கிடைக்காவிடினும் மனம் தளர வேண்டியதில்லை. நான்காம் படிவத்திற்கும் சேர்க்கை உண்டு. அந்த மூன்றாண்டுகள் சேமிப்பதற்குக் கிடைத்த கூடுதல் அவகாசமாகும். கடிதம் வரும் நாளில் பணத்தைத் தேடி அலையாமல், கடிதத்தை எதிர்பார்த்துப் பணத்தைச் சேர்த்து வைப்போம். இம்மாதச் சம்பள நாளிலேயே அதனைத் தொடங்குவோமாக!