எஃப்1 அழுத்தினால் உதவி வரவில்லையா?

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை வியாபாரக் கணக்கு எழுத லிப்ரே ஆபீஸ் நிறுவியிருக்கிறீர்கள். இன்டர்நெட் இல்லாத நேரத்தில் எஃப்1 அழுத்தினால் உதவிப் பக்கம் திறப்பதில்லை. இது கோளாறு அல்ல. விண்டோஸுக்கான லிப்ரே ஆபீஸில் உதவிக் கோப்புகளைத் தனித் தொகுப்பாகவே தருகிறார்கள். அது இல்லையெனில் எஃப்1 இன்டர்நெட்டைத்தான் தேடும்.

ஏன் பிரிக்கிறார்கள்? டெபியன் லினக்ஸின் விதி இது: உதவிக் குறிப்புகள் பெரிதாக இருந்தால் தனித் தொகுப்பாக்க வேண்டும், தேவைப்படாதவரின் ஹார்ட் டிஸ்க்கில் இடம் வீணாகக் கூடாது. சென்னையில் உருவான பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததே. சிறிய குறிப்பு என்றால் புரோகிராமுடனேயே இருக்கலாம்.

எனவே இணைப்பு இருக்கும்போதே, லிப்ரே ஆபீஸ் டவுன்லோட் பக்கத்தில் அதே பதிப்புக்கான உதவித் தொகுப்பையும் இறக்கி நிறுவிக்கொள்ளுங்கள். பிறகு இணைப்பு இல்லாவிட்டாலும் எஃப்1 கைகொடுக்கும்.