சிறு எஞ்சினைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

களை எடுக்கும் கருவி, மருந்து தெளிப்பான், இறைப்பு யந்திரம் ஆகியவற்றின் மூலம் சிறு பெட்ரோல் எஞ்சின் நம் வயல்களுக்குள் வந்துவிட்டது. எந்தப் பெயருள்ள எஞ்சினை நம்பி வாங்கலாம் என்பது பலரும் கேட்கும் கேள்வி. இதில் அமெரிக்க நாட்டாரின் அனுபவம் மிகுதி. பரந்த புல்தரைகளை வெட்ட, ஏறி அமர்ந்து ஓட்டும் சிறு வண்டிகளை அவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றனர். அவர்கள் கற்ற பாடத்தை நாமும் அறிவோமாக.

வண்டியைச் செய்யும் நிறுவனம் வேறு. எஞ்சினைச் செய்யும் நிறுவனம் பெரும்பாலும் வேறு. 1908-ல் மில்வாக்கி நகரில் தோன்றிய பிரிக்ஸ் அண்டு ஸ்ட்ராட்டன், 1953-ல் எடை குறைந்த அலுமினிய எஞ்சினை வெளியிட்டது. அந்நிறுவனம் 2020-ல் நொடித்துக் கைமாறியது. எனினும் உற்பத்தி நிற்கவில்லை. கோலர் என்பதும் அதே விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்த பெயரே. கவாசாகியின் இரட்டைச் சிலிண்டர் எஞ்சின்களைப் புல்வெட்டுதலையே தொழிலாகக் கொண்டோர் விரும்புகின்றனர். 1983-ல் வந்த ஹோண்டாவின் ஜி.எக்ஸ். வகையைப் பம்புகளிலும் களைக் கருவிகளிலும் காணலாம்.

ஆயினும் பெயர் மட்டும் போதாது. ஒரே நிறுவனம் மலிவான வகையையும் நீடித்து உழைக்கும் வகையையும் செய்கிறது. குதிரைச் சக்தி எண்ணையும் அப்படியே நம்பலாகாது. அதனை மிகைப்படுத்திக் கூறியதாகப் பல உற்பத்தியாளர்கள் மீது 2004-ல் அமெரிக்காவில் வழக்குத் தொடரப்பட்டது; 2010-ல் 6½ கோடி டாலர் அளவில் சமரசம் ஏற்பட்டது. ஆகவே சிலிண்டரின் கொள்ளளவையும் முறுக்கு விசையையும் ஒப்பிடுவதே நன்று.

வாங்குமுன் பின்வருவனவற்றைக் கேட்டறிக:

1. அலுமினியச் சிலிண்டருக்குள் வார்ப்பிரும்பு உறை உள்ளதா? உறையிருந்தால் தேய்மானம் குறையும்.

2. எண்ணெய்ப் பம்பும் வடிகட்டியும் உள்ளனவா? இவை இல்லாத எஞ்சினில், சிறு அகப்பை போன்ற உறுப்பொன்று எண்ணெயை வாரி இறைக்கும். சரிவில் சாய்ந்து ஓடும்போது எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கிவிடின், உறுப்புகள் வறண்டு தேயும்.

3. உதிரிப் பாகங்களும் பழுது பார்ப்பவரும் அருகில் கிடைப்பரா? இஃது இல்லையேல் உயர்ந்த எஞ்சினும் கொட்டகையில் உறங்கும்.

4. எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோலுக்கு ஏற்றதா? பல சிறு எஞ்சின்களின் கையேடுகள் 10 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்கின்றன. நம் நாட்டில் இன்று 20 விழுக்காடு கலந்த பெட்ரோலே பரவலாக விற்கப்படுவதால் இக்கேள்வி இன்றியமையாதது.

வாங்கிய பின் பராமரிப்பே ஆயுளைத் தீர்மானிக்கிறது. புதிய எஞ்சினின் முதல் எண்ணெயைக் கையேடு கூறும் மணி நேரத்திற்குள் மாற்றிவிட வேண்டும். நம் புழுதியில் காற்று வடிகட்டியை அடிக்கடி துப்புரவு செய்தல் அவசியம். பருவம் முடிந்து ஓய்வில் வைக்கும்போது பெட்ரோலை வடித்துவிடின் கார்புரேட்டர் அடைபடாது.

பஞ்சாயத்தின் பணம் ஊராரின் பணம். விலைப்பட்டியலை மட்டும் நோக்காது இந்நான்கு கேள்விகளுக்கும் எழுத்து மூலம் விடை பெற்ற பின்னரே கருவியை வாங்கத் தீர்மானிப்போமாக.