மானி: எந்த ஊரில் தங்குவது?

கிரீஸின் வரைபடத்தில் தெற்கே பார்த்தால், பெலொப்பொனீஸ் நிலம் மத்தியதரைக் கடலுக்குள் மூன்று முனைகளை நீட்டிக்கொண்டிருக்கும். நடு முனைதான் மானி. 2,407 மீட்டர் உயரமுள்ள டாய்கெட்டோஸ் மலைத்தொடர் தெற்கே இறங்கிக்கொண்டே போய்த் தெனாரோ முனையில் கடலில் முடிகிறது. அந்த மலையின் இரு பக்கச் சரிவுகளும், அவற்றின் அடியில் கடல் குடைந்த சிறு வளைகுடாக்களும் சேர்ந்ததே இந்தப் பகுதி. பாறை, ஒலிவ மரம், சப்பாத்திக்கள்ளி, நடுநடுவே கல் கோபுரங்கள். சாந்தோரினிக்குப் போய் வந்தவர்கள் ‘அடுத்த முறை பார்க்கலாம்’ என்று தள்ளிவைக்கும் இடம் இது. முதல் முறையே போகலாம் என்பது என் கட்சி.

போவதென்று முடிவானால் அடுத்த கேள்வி, அறையை எந்த ஊரில் எடுப்பது. வரைபடத்தில் சின்னதாகத்தானே இருக்கிறது, ஓரிடத்தில் தங்கி எல்லாவற்றையும் சுற்றிவிடலாம் என்று தோன்றும். கலமாட்டா நகரிலிருந்து அரெயோபொலிக்கு 80 கிலோமீட்டர்தான். ஆனால் மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும் சாலையில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். முன்னால் ஒரு லாரி மாட்டிக்கொண்டால் இன்னும் கூடும். காலையும் மாலையும் சாலையிலேயே கழிந்தால், ஊர் பார்க்க நடுப்பகல் வெயில்தான் மிஞ்சும். அந்த வெயிலில் கோபுரம், வேலி, பாறை எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். எனவே எதைப் பார்க்கப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்குப் பக்கத்தில் அறை எடுப்பதே புத்திசாலித்தனம்.

வடக்கே, மெசேனியா மாவட்டத்தில் இருப்பது வெளி மானி. இங்கே தங்க இரண்டு ஊர்கள்: கார்டமிலி, ஸ்டூப்பா. கலமாட்டாவிலிருந்து கார்டமிலி ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். மலை பச்சையாக இருக்கும், தண்ணீர் உண்டு, ஊரை ஒட்டியே விரோஸ் பள்ளத்தாக்கில் நடைபாதைகள் தொடங்குகின்றன. இலியட்டில் அகில்லெஸின் கோபத்தைத் தணிக்க அகமெம்னோன் தருவதாகச் சொல்லும் ஏழு ஊர்களில் கார்டமிலியும் ஒன்று. ஊருக்கு மேலே பழைய கார்டமிலி என்ற சிறு கோட்டைக் குடியிருப்பு இருக்கிறது. ஊருக்குத் தெற்கே கலமிட்சி கடற்கரையில், ஆங்கில எழுத்தாளர் பேட்ரிக் லீ ஃபெர்மர் 1960களில் கட்டி 2011 வரை வாழ்ந்த வீடு உள்ளது. இன்று அது பெனாக்கி அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது. பார்க்க விரும்பினால் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். மானியை வெளியுலகுக்கு அறிமுகம் செய்தது 1958இல் அவர் எழுதிய புத்தகம்தான். அதைப் படித்துவிட்டு வருகிறவர்கள் பலரும் கார்டமிலியிலேயே தங்கிவிடுகிறார்கள். அவர் அதில் மாய்ந்து மாய்ந்து வர்ணிப்பது பெரும்பாலும் இன்னும் தெற்கே உள்ள மானியை என்பது வேறு விஷயம்.

ஸ்டூப்பாவில் மணல் கடற்கரை இருக்கிறது. மானியில் அது அரிது. அலை அடங்கிய, ஆழம் குறைந்த கடல் என்பதால் சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஊர் இல்லை. 1917இல் எழுத்தாளர் நிகோஸ் கஸான்ட்ஸாகிஸும் யோர்கோஸ் ஸோர்பாஸும் சேர்ந்து நிலக்கரிச் சுரங்கம் நடத்தியது இந்த ஊர்ப் பக்கம்தான். பிற்பாடு எழுதிய ‘ஸோர்பா’ நாவலில் கஸான்ட்ஸாகிஸ் கதையை கிரீட் தீவுக்கு மாற்றிவிட்டார். ஊரைப் பற்றிச் சொல்ல இதற்குமேல் அதிகமில்லை. ஆகஸ்டில் ஸ்டூப்பா சந்தைக்கடையாகிவிடும்.

எனக்கு ஒரே ஒரு ஊரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் அரெயோபொலி. லகோனியா பக்கத்து மானிக்கு அதுதான் வாசல்; மேற்குக் கரை, கிழக்குக் கரை, தென்முனை மூன்றுக்கும் போகும் சாலைகள் அங்கிருந்து பிரிகின்றன. கடலோரமே வேண்டுமென்றால் நாலு கிலோமீட்டர் கீழே லிமேனி இருக்கிறது. மணல் கிடையாது. கல் படியில் இறங்கி நேராக ஆழத்தில் குதிக்க வேண்டும். மீன் கடைகளின் படித்துறையை ஒட்டிக் கடலாமைகள் தலை தூக்கிப் பார்த்துவிட்டு மூழ்கும். நீச்சல் தெரியாதவர் லிமேனியில் அறை எடுத்தால் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான், விலையும் அதிகம். அவர்களுக்கு அரெயோபொலியின் சந்துகளே மேல்.

வரலாற்றுக்காகப் போகிறவருக்கும் அரெயோபொலியே சரி. மானியை ஒட்டோமான்கள் முழுமையாக ஆண்டதில்லை. அடக்கிப் பார்த்துச் சலித்து, 1776 முதல் உள்ளூர்த் தலைவர் ஒருவரையே ‘பே’ என்று நியமித்து விட்டுவிட்டார்கள். கடைசி பே பெட்ரோபே மாவ்ரோமிக்காலிஸ். 1821 மார்ச் 17 அன்று மானியர்கள் கிளர்ச்சிக் கொடி தூக்கியது இந்த ஊரில்; ஆறே நாளில் கலமாட்டாவுக்குள் நுழைந்துவிட்டார்கள். மற்ற கிரேக்கர்கள் ‘விடுதலை அல்லது மரணம்’ என்றபோது, மானியரின் கொடியில் ‘வெற்றி அல்லது மரணம்’ என்றிருந்தது. நாங்கள் எப்போது அடிமையாக இருந்தோம் என்பது அவர்கள் கேள்வி. இதே மிடுக்கு பத்து ஆண்டுகளில் வேறு திசையில் திரும்பியது. புதிய நாட்டின் முதல் ஆளுநர் கபோடிஸ்ட்ரியாஸ் பெட்ரோபேயைச் சிறையில் அடைக்க, 1831 அக்டோபரில் நாஃப்பிலியோ நகரத் தேவாலய வாசலில் பெட்ரோபேயின் தம்பியும் மகனுமாகச் சேர்ந்து ஆளுநரைக் கொன்றார்கள். அரெயோபொலி சதுக்கத்தில் பெட்ரோபே சிலையாக நிற்கிறார். பிள்ளைகள் அதைச் சுற்றிப் பந்து விளையாடுகிறார்கள்.

பக்கத்திலேயே டிரோஸ் குகைகள். நிலத்தடி ஆற்றில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் படகில் போகலாம். படகோட்டி துடுப்பைப் பாறைச் சுவரில் ஊன்றித் தள்ளிக்கொண்டு போவார். தொங்கும் சுண்ணக் கூம்புகள் தலையை உரசும் இடங்களில் குனிய வேண்டும். முட்டிவலி, இடுப்புவலிக்காரர்கள் இறங்கி ஏறும் இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். கோடையில் காலையில் முதல் ஆளாகப் போய்விடுவது நல்லது. பக்கத்தில் அலெபோட்ரிப்பா என்ற இன்னொரு குகை. அதில் புதிய கற்கால மக்கள் வாழ்ந்து, இறந்தவர்களையும் புதைத்திருக்கிறார்கள். கி.மு. 3200 வாக்கில் வாசல் இடிந்து மூடிக்கொண்டதால் எல்லாம் அப்படியே கிடைத்தன. இதே டிரோஸ் கரையில் 1826இல் இப்ராஹிம் பாஷாவின் எகிப்தியப் படை இறங்கியபோது, அறுவடை வயலிலிருந்த பெண்கள் கையிலிருந்த அரிவாளோடு ஓடிவந்து விரட்டினார்கள் என்பது மானியர் சலிக்காமல் சொல்லும் கதை.

இனி ஆழ்ந்த மானி, அதாவது யெரோலிமெனாஸும் அதைச் சுற்றியுள்ள கோபுர ஊர்களும். அரெயோபொலியிலிருந்து அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். மரம் குறைந்து கல் கூடிக்கொண்டே போகும். கீட்டா, நோமியா, வாத்தியா என்று வரிசையாகக் கோபுரக் கொத்துகள். தூரத்திலிருந்து பார்த்தால் சதுரமான புகைபோக்கிகளை நட்டுவைத்தது போல இருக்கும். ஒரு கோபுரத்தின் அடியில் போய் நின்று பாருங்கள். வாசல் குனிந்து நுழையும் உயரம். வாசலுக்கு நேர் மேலே, உச்சியில் ஒரு கல் மாடம் வெளியே பிதுங்கியிருக்கும். அதன் தரையில் ஓட்டை. கதவை உடைக்க வருகிறவன் தலையில் மேலிருந்து கல் விழும். உள்ளே தளத்துக்குத் தளம் ஏணிதான், அதையும் மேலே இழுத்துக்கொள்ளலாம். இவ்வளவும் துருக்கியருக்கு எதிராக என்று நினைத்தால் தவறு, எதிர்வீட்டுக்காரனுக்கு எதிராக. குடும்பப் பகை தலைமுறை தலைமுறையாக நடக்கும். யார் கோபுரம் உயரமோ அவர் மற்றவர் கூரையைச் சுட்டுத் தகர்க்கலாம் என்பதால் உயரத்துக்குப் போட்டி. அறுவடைக் காலத்தில் சண்டை நிறுத்தம் உண்டு. பெண்களைச் சுடுவதில்லை, முற்றுகைக்கு உள்ளே சோறும் தோட்டாவும் கொண்டுபோனது அவர்கள்தான். செத்தவருக்கு ஒப்பாரி வைத்ததும் அவர்களே. மானி ஒப்பாரிகள் கிரீஸ் முழுவதும் பேர் பெற்றவை, சிலவற்றில் பழிவாங்கும் தூண்டுதலும் சேர்ந்தே இருக்கும்.

வாத்தியாவில் இன்று குடியிருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அங்கிருந்து தெற்கே போனால் சாலை முடிகிற இடத்தில் பொசைடன் கோயில் இருந்த தெனாரோ. பாதாள உலகின் வாசல் என்று பழைய கிரேக்கர்கள் நம்பிய குகையும் அங்கேதான். ரோமானியர் காலத்துத் தரைச் சித்திரம் வேலி இல்லாமல் வெட்டவெளியில் கிடக்கும். அதைத் தாண்டிக் கலங்கரை விளக்கம்வரை இரண்டு கிலோமீட்டர் ஒற்றையடிப்பாதை. நிழல் துளியும் கிடையாது. தண்ணீரும் தொப்பியும் இல்லாமல் இறங்க வேண்டாம். 1941 மார்ச்சில் இந்த முனைக்கு அப்பால் நடந்த கடற்போரில் ஒரே இரவில் இத்தாலியின் மூன்று கனரகக் குரூசர் கப்பல்கள் மூழ்கின.

இந்தப் பகுதியை அரெயோபொலியிலிருந்து பகலில் பார்த்துத் திரும்பலாம். ஆனால் ஓரிரவாவது யெரோலிமெனாஸில் தங்குவதையே நான் சொல்வேன். காரணம் மாலை வெயில்: சாய்ந்த ஒளியில்தான் கோபுரங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தெரியும். குறைகளும் உண்டு. கடை கண்ணி குறைவு, பனிக்காலத்தில் பல விடுதிகள் மூடிவிடும். பெட்ரோலையும் கைப்பணத்தையும் அரெயோபொலியிலேயே நிரப்பிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

கிழக்கே யீத்தியோ. ஸ்பார்ட்டாவின் பழைய துறைமுகம். கடத்திவந்த ஹெலனோடு டிராய் இளவரசன் பாரிஸ் முதல் இரவைக் கழித்ததாகச் சொல்லப்படும் கிரானாயே தீவு இப்போது தரைப்பாலத்தால் ஊரோடு ஒட்டியிருக்கிறது. அழகான ஊர்தான், ஆனால் இது மானியின் ஓரம். கார் ஓட்டாதவர்களுக்கு இதுவே வசதி: ஏதென்ஸிலிருந்து பேருந்து வருகிறது, ஸ்பார்ட்டாவும் பைசாந்தியக் காலத்து மிஸ்ட்ராஸும் கைக்கெட்டும் தூரம்.

சாப்பாட்டில் மானிக்கே உரியது சிக்லினோ, அதாவது புகையூட்டி ஆரஞ்சுத் தோலோடு பதப்படுத்திய பன்றி இறைச்சி. சைவர்கள் பயப்பட வேண்டியதில்லை. ‘நிஸ்தீசிமா’ என்று கேளுங்கள்; கிரேக்கத் திருச்சபையின் விரத நாட்களுக்கான இறைச்சி, முட்டை, பால் சேராத உணவு அது. மீன் சேருவதில்லை, ஆனால் கணவாய், இறால் சேரலாம் என்பதால் அதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். வேகவைத்த கீரை, பெரிய வெள்ளை மொச்சை, எண்ணெயில் ஊறிய பீன்ஸ் எங்கும் கிடைக்கும்.

நாலு இரவு இருந்தால் கார்டமிலியில் ஒன்று, அரெயோபொலியில் இரண்டு, யெரோலிமெனாஸில் ஒன்று என்று வடக்கிலிருந்து தெற்கே இறங்கி, யீத்தியோ வழியாக வெளியேறலாம். இரண்டே இரவென்றால் கார்டமிலியை விட்டுவிடுங்கள். வயதான பெற்றோரோடு போகிறவர்கள் இதைத் திருப்பிப் போட்டு, கார்டமிலியிலேயே தங்கித் தெற்கை விட்டுவிடலாம். வாத்தியாவின் கற்படிகள் அவர்களுக்கு வேண்டாம். ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் கடைசி, அக்டோபர் நல்ல காலம். காரை எடுக்கும்போது சின்னதாகக் கேளுங்கள். ஊர்ச் சந்துகளில் எதிரே ஒரு வண்டி வந்தால் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.