விளையாட்டின் வழியே இணையப் பாதுகாப்பு: 6 முதல் 8ஆம் வகுப்பு வரை

இன்று பல இல்லங்களில் கைப்பேசி ஒன்றே பணப்பெட்டியும் கடிதப்பெட்டியும் புத்தகப்பையுமாக விளங்குகிறது. தாயின் கைப்பேசியில் வீட்டுப்பாடம் பார்க்கும் பிள்ளையின் விரலுக்கு எட்டும் தொலைவிலேயே குடும்பத்தின் சேமிப்பும் உள்ளது. ‘தெரியாதவர் அனுப்பும் இணைப்பைத் தொடாதே’ என்று ஒப்பிக்கும் பிள்ளை, ‘பரிசு’ என்ற சொல்லைக் கண்டதும் அவ்விதியை மறந்துவிடும். ஆகவே, ஏமாற்றும் வழிகளை விளையாட்டின் மூலம் முன்னரே பழக்கிவிடுதல் நலம்.

கூகுள் நிறுவனம் 2017இல் வெளியிட்ட ‘இன்டர்லேண்ட்’ என்னும் இணைய விளையாட்டு இம்முறையில் அமைந்ததே. அதன் நான்கு பகுதிகளுள் ஒன்றில் வலிய கடவுச்சொற்களால் கோட்டை எழுப்ப வேண்டும். மேலகரம், குற்றாலம், தென்காசி வட்டாரப் பிள்ளைகளுக்குக் கணிப்பொறியின்றி, வகுப்பறையிலோ வீட்டுத் திண்ணையிலோ நடத்தத்தக்க மூன்று விளையாட்டுகளைக் கீழே தருகிறேன்.

1. பூட்டும் திறவுகோலும்

ஒரு மாணவர் ஓர் இலக்கத்தை மறைத்து எழுதட்டும், பிறர் கண்டறியட்டும். பத்து முயற்சிக்குள் பூட்டுத் திறந்துவிடும். நான்கு இலக்கமாயின் 10,000 வாய்ப்புகள். ஆறு இலக்கமாயின் 10 லட்சம். எட்டு ஆங்கிலச் சிற்றெழுத்துகளாயின் 20,000 கோடிக்கும் மேல். இக்கணக்கை மாணவர்களே போடட்டும். பின்னர், பிறந்த ஆண்டையோ தங்கையின் பெயரையோ ஒருவர் கடவுச்சொல்லாக வைக்கட்டும். நண்பர்கள் அதைச் சில முயற்சிகளிலேயே கண்டுபிடித்துவிடுவர். நீளம் மட்டும் போதாது, பிறர் ஊகிக்க இயலாததாகவும் இருத்தல் வேண்டும் என்பது தானே விளங்கும்.

2. மெய்யா, பொய்யா?

பன்னிரண்டு அட்டைகளில் செய்திகளை எழுதுக. ‘சாரல் காலச் சலுகை! குற்றாலத்தில் பாதி வாடகைக்கு அறை, பத்து நிமிடத்தில் முன்பணம் அனுப்புக’, ‘இன்றிரவு மின் இணைப்புத் துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழைக்கவும்’, ‘பரிசுப் பணம் பெறப் பின் எண்ணை இடுக’ என்பன போல. ஆசை, அச்சம், அவசரம், இரகசியம் ஆகிய நான்கனுள் எது தூண்டப்படுகிறது என்று குழுவினர் சொல்ல வேண்டும். யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையில்லை. அதை இட்டால் நம் பணமே வெளியேறும். இவ்வுண்மையை இங்கே அழுத்திக் கூறுக.

உண்மையான அறிவிப்புகளும் நான்கைந்து இருக்கட்டும். இல்லையேல், பிள்ளைகள் எல்லாவற்றையும் பொய் என்று சொல்லி எளிதில் வெல்வர். ஆராயக் கற்க மாட்டார்கள்.

3. பரமபதம்

பரமபதப் பலகை நம் சமயத்தாருக்குப் புதிதன்று. சமணர் மரபில் 84 கட்டங்கள் கொண்ட ஞானசௌபர் பலகைகள் உண்டு. நம் பலகையில் ஓ.டி.பி. எண்ணைப் பிறரிடம் சொல்லுதல், அறியாதவர்க்குப் புகைப்படம் அனுப்புதல் ஆகியவை பாம்புகள். சந்தேகத்தைப் பெரியவரிடம் கேட்டல், வந்த செய்தியை அழிக்காமல் வைத்தல் ஆகியவை ஏணிகள். ஒரு தனி விதியும் உண்டு: பாம்பின் வாயில் விழுந்தவர், நேர்ந்ததையும் இனிச் செய்ய வேண்டியதையும் உரக்கச் சொன்னால் பாதி உயரம் திரும்ப ஏறலாம்; மௌனமாக இருப்பவர் முதல் கட்டத்திற்கே செல்ல வேண்டும்.

இவ்விதியே இப்பாடத்தின் உயிர். பண மோசடி நேர்ந்தால் 1930 என்னும் எண்ணை உடனே அழைக்க வேண்டும். விரைந்து தெரிவித்தால், பணம் கைமாறிப் போகுமுன் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. திட்டுக்கு அஞ்சிப் பிள்ளை மறைத்துவிட்டால் அவ்வாய்ப்புக் கைநழுவிப் போகும். எனவே, தோற்ற மாணவரை எவரும் நகைக்க இடம் தராதீர்கள். பிள்ளைகளுக்குத் துன்பம் நேர்கையில் அழைக்கத்தக்க 1098 என்னும் எண்ணையும் கரும்பலகையில் எழுதி வையுங்கள்.

மதிப்பீடு

விதிகளை ஒப்பிக்கச் சொல்ல வேண்டா. இரண்டு வாரம் கழித்துப் புதிய அட்டைகளைக் காட்டி, ‘இதை எப்படிச் சரிபார்ப்பாய்?’ என்று கேளுங்கள். செய்தியில் உள்ள எண்ணை அழைக்காமல், முன்னரே அறிந்த எண்ணிலோ நேரிலோ கேட்பேன் என்று விடை வருமாயின் பாடம் பதிந்துவிட்டது.

பெற்றோர்க்குப் பயிற்சி

இன்றிரவு உங்கள் கைப்பேசிக்கு வந்த செய்திகளுள் மூன்றைப் பிள்ளையிடம் காட்டுங்கள். மெய் எது, பொய் எது என்று பிள்ளையே சொல்லட்டும். அதற்கான காரணத்தையும் கேளுங்கள்.