கையடக்கக் கருவி: எதைப் பார்த்து வாங்குவது?

பிடிஏ என்றால் நம்ம செட்டுக்கு மியூசியம் பொருள். பழைய படங்களில் கோட்டு போட்ட ஆபீசர் ஒரு சின்னக் குச்சியால் திரையைக் குத்திக்கிட்டு இருப்பாரே, அதுதான். ஆனால் அந்தக் குடும்பம் அழியவில்லை, தொழிலை மாற்றிக்கொண்டது. டவுன் பஸ் கண்டக்டர் கையில் இருக்கிற டிக்கெட் மெஷின், ரேஷன் கடையில் ஸ்மார்ட் கார்டை ஸ்கேன் பண்ணுகிற மெஷின், குடோனில் பார்கோடு அடிக்கிற கருவி எல்லாம் அதன் வாரிசுகள்தான்.

கணபதி பக்கம் ஒரு பவுண்டரிக்கோ, பம்ப் உதிரிபாகம் செய்யும் பட்டறைக்கோ ஸ்டாக் கணக்கு சிஸ்டம் செய்து தருவதாக ஃபைனல் இயர் புராஜெக்ட்டில் ஒத்துக்கொண்டிருக்கிறீர்களா? அப்போ இது உங்களுக்குத்தான். சாஃப்ட்வேரை எப்படியோ எழுதிடுவீங்க. "எந்த மெஷின் வாங்கட்டுங்க தம்பி?" என்று முதலாளி கேட்கும்போதுதான் சிக்கல். காசு அவருடையது. நாம உடனே ரேம் எவ்வளவு, ப்ராசஸர் எது என்று ஆரம்பிப்போம். அது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

ஏன் என்று தெரிய மூன்று பழைய கருவிகளைப் பாருங்க. 1993-ல் ஆப்பிள் நியூட்டன் என்ற கருவியை விற்பனைக்கு விட்டது. நீங்க எழுதுகிற கையெழுத்தை அப்படியே படித்துவிடும் என்பதுதான் அதன் பெருமை. படிக்கத்தான் செய்தது, பல நேரம் தப்பாக. விலையும் அதிகம், சட்டைப் பையிலும் அடங்காது. 1998-ல் நிறுத்திவிட்டார்கள். நடுவில், 1996-ல், பைலட் வந்தது. பின்னால் பாம் என்று பெயர் வாங்கியது இதுதான். அதன் மெமரி வெறும் 128 கிலோபைட், இரண்டு சின்ன ஏஏஏ பேட்டரி, கறுப்பு வெள்ளைத் திரை. காகிதத்தில் பார்த்தால் நியூட்டன் முன்னால் ஒன்றுமே இல்லை. ஆனால் அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், சர்க்யூட் போடுவதற்கு முன்பே அந்த அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றினார். யாராவது நம்பர் கேட்டால் கட்டையை எடுத்து, எழுதுகிற மாதிரி நடித்துப் பார்ப்பார். எத்தனை தடவை எடுக்கிறோம், எதற்கு எடுக்கிறோம் என்பது அதில் தெரிந்துவிட்டது. மெஷின் கையெழுத்தைக் கற்றுக்கொள்ள வேண்டாம், மனுஷன் எளிமையான எழுத்து வடிவத்தைக் கற்றுக்கொள்ளட்டும் என்றும் முடிவெடுத்தார்கள். ஜனங்களும் கற்றுக்கொண்டார்கள்.

மூன்றாவது நம்ம ஊர்க் கதை, சிம்ப்யூட்டர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்தினரும் சேர்ந்து 1999-ல் தொடங்கிய முயற்சி. லினக்ஸில் ஓடும், இந்திய மொழிகளில் பேசும். ஒரு கருவியை ஊரே பகிர்ந்துகொள்ளலாம், ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டில் அவரவர் தகவல் இருக்கும் என்பது யோசனை. என்னைக் கேட்டால் இன்றைக்கும் மதிக்க வேண்டிய டிசைன். ஆனால் 2001-ல் மாதிரியைக் காட்டியவர்கள், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் துணையோடு அமிடா என்ற பெயரில் கடைக்குக் கொண்டுவர 2004 மார்ச் ஆகிவிட்டது. விலை சுமார் 10,000 ரூபாயில் ஆரம்பம். அதற்குள், 2003-லேயே, 501 ரூபாய் முன்பணத்தில் ரிலையன்ஸ் செல்போன் கையில் கிடைத்துவிட்டது. விற்றது சில ஆயிரம் சிம்ப்யூட்டர்கள்தான்.

ஆக, நீங்க கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்த வேலையைச் சாதாரண போன் செய்துவிடுமா? ஒரு நாளைக்கு இருபது, முப்பது ஸ்கேன் என்றால் போனின் கேமராவே போதும், முதலாளிக்குக் காசு மிச்சம். ஐந்நூறு என்றால் கதை வேறு. ஒவ்வொரு தடவையும் கேமரா ஃபோகஸ் ஆகக் காத்திருக்கும் இரண்டு வினாடிகூட எரிச்சலாகிவிடும். ஸ்டோர்காரர் பழைய நோட்டுக்கே திரும்பிவிடுவார். அங்கே தனி ஸ்கேனரும் பக்கவாட்டில் பட்டனும் உள்ள கருவிதான் சரி.

அடுத்தது கை. பட்டறையில் யார் கையும் சுத்தமாக இருக்காது. போன்களில் இருக்கும் கெப்பாசிட்டிவ் திரை, தடித்த கிளவுஸ் போட்ட விரலைப் பெரும்பாலும் உணராது. தண்ணீரோ கூலன்ட்டோ பட்டால் தடுமாறும். கிளவுஸ் மோடு இருக்கா, நிஜமான பட்டன்கள் இருக்கா என்று பாருங்க. பவுண்டரி மணல்தூசிக்கு ஐபி எண்ணைப் பார்க்கணும். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி54 என்றால் கொஞ்சம் தூசி உள்ளே போகலாம், ஐபி65 என்றால் போகாது. மணல் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வேலை என்றால் முதல் இலக்கம் ஆறுதான். சூடான காஸ்டிங்கில் பார்கோடு ஸ்டிக்கர் நிற்காது என்பதையும் மறந்துடாதீங்க. டிராலியிலோ பின்னிலோ ஒட்டுங்க.

பழைய பாம் கருவியில் எல்லாத் தகவலும் ரேமில் இருக்கும். பேட்டரி முழுசாகச் செத்தால் எல்லாம் காலி. இன்றைய கருவியில் அந்தப் பயம் இல்லை, ஆனால் தகரக் கூரைக்கு அடியில் வைஃபை விட்டு விட்டுத்தான் வரும். அதனால் நெட் இல்லாதபோது கருவியிலேயே சேமித்து, கிடைக்கும்போது அனுப்புகிற மாதிரி எழுதுங்க. இரண்டு ஷிஃப்ட் ஓடும் இடமென்றால் கழற்றி மாட்டும் பேட்டரி வேணும்.

தமிழைக் கட்டாயம் சோதிக்கணும். 'கொக்கி', 'போல்ட்' என்று டைப் செய்து பாருங்க. கொம்பும் காலும் இடம் மாறி நின்றால் அந்தக் கருவி வேண்டாம். சின்ன தெர்மல் பிரிண்டர்கள் பலவற்றில் தமிழ் எழுத்தே கிடையாது. வரியைப் படமாக மாற்றித்தான் அனுப்பணும். 58 மில்லிமீட்டர் பேப்பர் பிரிண்டரில் பொதுவாக ஒரு வரிக்கு 384 புள்ளிதான், எழுத்தளவை அதற்கேற்ப வையுங்க.

செகண்ட் ஹேண்டில் பழைய விண்டோஸ் கருவிகள் சல்லிசாக வரும். விண்டோஸ் எம்பெடட் ஹேண்ட்ஹெல்ட் 6.5-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020-லேயே முடிந்துவிட்டது. ஆண்ட்ராய்டு என்றால் எந்த வருஷம் வரை செக்யூரிட்டி அப்டேட் தருவார்கள் என்று டீலரிடம் எழுத்தில் கேளுங்க. சர்வீஸ் கோயம்புத்தூரிலேயே உண்டா, சென்னைக்கு அனுப்பணுமா என்பதும் விலையோடு சேர்ந்த கணக்கு.

இதையெல்லாம் கேட்ட பிறகும் இரண்டு மூன்று மாடல் மிச்சம் இருக்கும். அப்போ அதே அளவில் தெர்மோகோலையோ கட்டையையோ வெட்டி, எடைக்குக் கொஞ்சம் இரும்பு சேர்த்து, ஸ்டோர்காரர் கையில் கொடுங்க. ஒரு நாள் முழுக்க அவர் அதை எங்கே சொருகுகிறார், எத்தனை தடவை கீழே போடுகிறார், எந்தக் கையால் எடுக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்க. அப்புறம் டீலரிடம் டெமோ மெஷின் ஒன்றை இரண்டு நாளைக்கு வாங்கி, நைட் ஷிஃப்ட்டில் விட்டுப் பாருங்க.